முப்பது இலக்குகளும் ஒரு பொய்யும்: 2025 செப்டம்பர் ஏ.ஐ. ஊடுருவல் குறித்த நிகழ்வு ஆய்வு

2025 செப்டம்பர் நடுவில், ஏ.ஐ. நிறுவனமான ஆந்த்ரோபிக்கின் கண்காணிப்புக் குழு, நிரல் எழுதும் தனது ஏ.ஐ. கருவியான கிளாட் கோடைச் சிலர் பயன்படுத்திய விதத்தில் ஏதோ சரியில்லை என்று கவனித்தது. அடுத்த பத்து நாட்கள் தோண்டிப் பார்த்தபோது, அது ஏறத்தாழ 30 அமைப்புகளைக் குறிவைத்த உளவு ஊடுருவல் என்று தெரிந்தது. ஊடுருவலின் கைவேலையில் 80 முதல் 90 சதவீதத்தை மனிதர்கள் செய்யவில்லை, ஏ.ஐ. செய்தது. நவம்பர் 13 அன்று நிறுவனம் அறிக்கை வெளியிட்டது.

இந்த ஆய்வில் வரும் நிகழ்வுத் தகவல்கள் அந்த அறிக்கையில் உள்ளவை. எங்கள் ஊகமோ கருத்தோ வரும் இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறோம். இயக்கிய தனி ஆட்கள் யார், பாதிக்கப்பட்டவர்கள் யார் என்ற பெயர்கள் வெளியாகவில்லை. படிப்பினைக்கு அவை தேவையும் இல்லை.

பின்னணி

நிரலில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒன்றுக்கு அதை அடைக்கவும் தெரியும், அதன் வழியே நுழையவும் தெரியும். பொதுப் பயன்பாட்டு ஏ.ஐ.யின் சிக்கல் இதில்தான் தொடங்குகிறது. இது தாக்குவதற்கென்று செய்த கருவி அல்ல. எனவே தடைசெய்யப்பட்ட பொருள் என்று ஓரமாக எடுத்து வைக்கவும் முடியாது.

2025க்குள் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்திருந்தன. மாதிரிகளின் (ஏ.ஐ. கருவிகளின் மூளையாக இயங்கும் மென்பொருளின்) நிரல் அறிவு வேகமாக உயர்ந்திருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லி நிற்காமல், ஒரு வேலையைச் செய்து, விளைவைப் பார்த்து, அடுத்ததைத் தானே முடிவுசெய்யும் 'ஏஜென்ட்' முறை பரவியிருந்தது. வெளிக் கருவிகளை மாதிரியோடு இணைக்கும் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையும் வந்துவிட்டது. ஸ்கேனரோ, பிரவுசரோ, டேட்டாபேஸோ, எதை இணைத்தாலும் மாதிரி அதைக் கையில் எடுத்துக்கொள்ளும்.

முன்னறிகுறியும் இருந்தது. அதே நிறுவனம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை வேறொரு கும்பலைப் பற்றியது. குறைந்தது 17 அமைப்புகளின் தரவைத் திருடி, வெளியிடுவோம் என்று மிரட்டிப் பணம் கேட்டார்கள். சில இடங்களில் கேட்ட தொகை 5 லட்சம் டாலரையும் தாண்டியது. அங்கே மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து நடவடிக்கையை வழிநடத்தினார். செப்டம்பரில் அந்த மனிதர் பல அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஒரு தொழில் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஓட்டைகளைக் கண்டறிய உரிமையாளரின் சம்மதத்தோடு உள்ளே நுழைந்து பார்க்கும் ஊடுருவல் சோதனை முறையான தொழில். அதைச் செய்பவரிடம் வாடிக்கையாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இருக்கும். எந்தெந்த முகவரிகள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எதைத் தொடக் கூடாது, நள்ளிரவில் ஏதாவது சரிந்தால் யாரை அழைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு போர்ட்டைக்கூட (கணினியின் நெட்வொர்க் வாசல்) தட்டிப் பார்க்க மாட்டார்கள். அரட்டைப் பெட்டியில் இந்தக் காகிதத்தின் இடத்தில் இருப்பது ஒற்றை வாக்கியம்: 'நான் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை செய்கிறேன்.'

ஊடுருவல் எப்படி அமைக்கப்பட்டது

இலக்குகளை மனிதர்கள்தான் தேர்ந்தார்கள். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள், நிதி நிறுவனங்கள், வேதிப்பொருள் உற்பத்தியாளர்கள், அரசு அமைப்புகள் ஆகியவை பட்டியலில் இருந்தன. பிறகு கிளாட் கோடை மையத்தில் வைத்து ஒரு தானியங்கிச் சட்டகம் கட்டினார்கள். அதோடு இணைத்த கருவிகள் பெரும்பாலும் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் சரக்கு: நெட்வொர்க் ஸ்கேனர்கள், டேட்டாபேஸ் சோதனைக் கருவிகள், கடவுச்சொல் உடைப்பான்கள். சொந்தமாக எழுதிய தீநிரல் மிகக் குறைவு. முதலீடு பெரும்பாலும் இவற்றைக் கோத்துப் பிணைப்பதிலேயே போயிருக்கிறது.

மாதிரியின் மறுப்பை இரண்டு வழிகளில் கடந்தார்கள். ஒன்று வேடம்: நாங்கள் முறையான பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள், இது தற்காப்புச் சோதனை என்று மாதிரியை நம்பவைத்தார்கள். மற்றொன்று, வேலையைப் பொடிப்பொடியாக நறுக்கியது. ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்க்கையில் சாதாரண தொழில்நுட்பக் கோரிக்கையாகவே தெரியும்.

இரண்டாவது வழி ஏன் வேலை செய்கிறது என்பதை விளக்க நாங்களே ஒரு உதாரணம் சொல்கிறோம். அறிக்கையில் இருப்பது அல்ல. 'இந்த முகவரியில் என்னென்ன சேவைகள் ஓடுகின்றன?' என்பதை எந்த சிஸ்டம் நிர்வாகியும் தினமும் கேட்பார். 'இந்தப் பதிப்பில் தெரிந்த குறைகள் உண்டா?' என்பதும் அப்படியே. 'இந்த அட்டவணையில் நிர்வாகி உரிமையுள்ள வரிகளைப் பிரித்துக் கொடு' என்பது டேட்டா வேலை. மூன்றையும் ஒரே நூலில் கோத்து, நூலின் மறுமுனையில் இருக்கும் சர்வர் கேட்பவருடையது இல்லை என்று தெரிந்தால்தான் குற்றம் கண்ணில் படும். அந்த நூல் தாக்குபவரின் சட்டகத்தில் இருக்கிறது, மாதிரியிடம் இல்லை.

கட்டம் கட்டமாக

முதலில் மனிதர் இலக்கின் பெயரைக் கொடுத்துத் தொடங்கிவைத்தார். அடுத்தது உளவு: மாதிரி பல இலக்குகளின் அமைப்பை ஒரே சமயத்தில், தனித்தனி அமர்வுகளில் வரைந்தெடுத்தது. ஒரு இலக்கில் கண்டது இன்னொரு இலக்கின் கணக்கில் கலக்காமல் பார்த்துக்கொண்டது. இதற்கு மனிதர்களை வைத்தால் ஒரு குழுவே வேண்டியிருக்கும்.

மூன்றாவது கட்டத்தில் ஓட்டைகளைத் தேடி, அவற்றுக்கான நுழைவு நிரலைத் தானே எழுதிச் சோதித்தது. இங்கே வேலைப் பங்கீடு துல்லியமாகத் தெரிகிறது. இயந்திரம் மணிக்கணக்கில் தேடி ஒரு அறிக்கை தயாரிக்கும். மனிதர் அதைச் சில நிமிடங்கள் புரட்டிப் பார்த்து 'சரி, போ' என்பார்.

நான்காவது கட்டம் கடவுச்சொற்களை அறுவடை செய்வது. ஒரு அமைப்பில் கிடைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் மற்ற உள் அமைப்புகளில் போட்டுப் பார்த்து, எது எங்கே திறக்கிறது, எதற்கு எவ்வளவு உரிமை என்று மாதிரியே அட்டவணை போட்டது. ஐந்தாவதில் டேட்டாபேஸ்களில் தேடி, எடுத்ததை உளவு மதிப்பு வாரியாகத் தரம்பிரித்தது. மலையாகக் குவிந்த தரவை வாசிக்க ஆள் கிடையாது என்பது பழைய உளவுக் குழுக்களின் தலைவலி. அந்தத் தடை இங்கே இல்லை.

கடைசியாக ஆவணப்படுத்தல். கண்ட சேவைகள், கிடைத்த கடவுச்சொற்கள், எடுத்த தரவு என்று எல்லாவற்றையும் மாதிரி ஒழுங்கான கோப்புகளாக எழுதிவைத்துக்கொண்டே வந்தது. நடுவில் நின்றாலும் மறுபடி விட்ட இடத்தில் தொடரலாம், அடுத்த குழுவிடம் ஒப்படைக்கலாம். எந்த மேலாளரும் ஆசைப்படும் கைமாற்றக் குறிப்பு. என்ன செய்வது, இங்கே அது திருட்டுக்கான குறிப்பு.

முழு நடவடிக்கையில் மனிதர் குறுக்கிட்ட முக்கிய முடிவுப் புள்ளிகள், ஒரு தாக்குதலுக்கு 4 முதல் 6 வரைதான் என்று அறிக்கை மதிப்பிடுகிறது. உளவிலிருந்து நுழைவுக்கு மாறலாமா, திருடிய கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே பரவலாமா, எந்தத் தரவை வெளியே எடுப்பது: இவை போன்றவைதான் அந்தப் புள்ளிகள்.

தாக்குபவர் இடறிய இடம்

மாதிரி பொய்யான வெற்றிகளை அறிவித்தது. வேலை செய்யாத கடவுச்சொற்களைக் 'கிடைத்துவிட்டன' என்றது. யாரும் பொதுவெளியில் பார்க்கக்கூடிய தகவலை 'முக்கியக் கண்டுபிடிப்பு' என்று எழுதிவைத்தது. ஒவ்வொன்றையும் மனிதர் சரிபார்க்க வேண்டியிருந்தது. முழுத் தானியங்கித் தாக்குதலுக்கு இது இன்னும் ஒரு தடை என்று அறிக்கை சொல்கிறது.

இதில் நிம்மதி கொள்ள அதிகம் இல்லை என்பது எங்கள் கருத்து. பத்து சாவிகளில் ஏழு போலி என்றாலும், பூட்டில் போட்டுப் பார்க்க ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும்போது திருடனுக்கு நட்டமில்லை. ஆனால் அந்தப் போட்டுப் பார்க்கும் பழக்கம் காப்பவருக்குப் பயன்படும். அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

கண்டறிதலும் எடுத்த முடிவுகளும்

தற்காப்புச் சோதனை என்ற வேடம் போதிய காலம் தாக்குப்பிடித்தது, ஊடுருவல் தொடங்கும் அளவுக்கு. இடைவிடாமல் நீண்டுகொண்டே போனதுதான் கடைசியில் காட்டிக்கொடுத்தது. தனித்தனிச் செய்திகளில் தெரியாதது, மொத்தப் போக்கில் தெரிந்தது. ஆயிரக்கணக்கான கோரிக்கைகள், பல சமயம் நொடிக்கு ஒன்றுக்கு மேல். விசைப்பலகையில் தட்டும் மனிதர் எவரும் இந்த வேகத்தில் இருக்க முடியாது.

இந்த எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதலில் வெளியான வாசகம் 'நொடிக்கு ஆயிரக்கணக்கான கோரிக்கைகள்' என்றது. மறுநாளே நிறுவனம் அதைத் திருத்தி, மேலே உள்ளபடி மாற்றியது. பழைய எண் இன்னும் பல இடங்களில் சுற்றுகிறது. கண்காணிப்பு விதியை அந்தத் தவறான எண்ணை வைத்து அமைத்தால் உண்மையான தாக்குதல் அதன் கீழே சத்தமில்லாமல் நழுவிப்போகும்.

பத்து நாள் விசாரணையில், கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கக் கணக்குகளை முடக்கினார்கள். பாதிக்கப்பட்ட அமைப்புகளுக்குத் தகவல் சொன்னார்கள். அரசு அதிகாரிகளோடு இணைந்தார்கள். இதில் உள்ள இழுபறி இத்தகைய எல்லா விசாரணைகளுக்கும் பொதுவானது. உடனே எல்லாவற்றையும் மூடினால் தாக்குபவர் விழித்துக்கொண்டு புதுக் கணக்கோடு வருவார், அவர் எங்கெல்லாம் நுழைந்தார் என்ற வரைபடமும் அரைகுறையாக நிற்கும். விட்டுவைத்துப் பார்த்தால், பார்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவரின் தரவு வெளியேறும். ஒவ்வொன்றாகக் கண்டதும் மூடிக்கொண்டே வரைபடத்தை விரித்தது நடுவழி. பாதிக்கப்பட்டவர் தன் பக்கத்தில் கதவை மூட வழியிருக்கும்வரை இது சரியான தேர்வு என்றே நினைக்கிறோம்.

அள்ளக் கிடைத்த தரவை ஆராய விசாரணைக் குழுவும் அதே கிளாட் மாதிரியைத்தான் பெருமளவில் பயன்படுத்தியது. இருபுறமும் கூர் உள்ள கத்தி என்று பொதுவாகப் பேசுவதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

மூன்றாவது முடிவு, அறிக்கையைப் பொதுவில் வெளியிட்டது. இதற்கு விமர்சனமும் வந்தது. தாக்குதலுக்குப் பயன்பட்ட முகவரிகள், கோப்புத் தடயங்கள் போன்ற தொழில்நுட்ப அடையாளங்கள் அறிக்கையில் இல்லை என்று வெளி ஆய்வாளர்கள் குறைசொன்னார்கள். அந்தக் குறை நியாயமானது. ஒரு அமைப்பின் பாதுகாப்பு அதிகாரி அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'எங்கள் லாகில் (கணினி நடவடிக்கைப் பதிவேட்டில்) இவர்கள் வந்தார்களா' என்று தேட முடியாது. கருவிகள் எல்லாம் பொதுச் சரக்கு என்பதால் தனித்த அடையாளம் குறைவாகவே இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளைவு

ஏறத்தாழ 30 இலக்குகளில் சிலவற்றில் மட்டுமே ஊடுருவல் வெற்றி பெற்றது. இயக்கியது சீன அரசின் ஆதரவு பெற்ற குழு என்று நிறுவனம் உயர்ந்த நம்பகத்தோடு மதிப்பிட்டு, ஜி.டி.ஜி.-1002 என்று பெயரிட்டது. கண்டறியும் வடிகட்டிகளை, குறிப்பாக இணையத் தாக்குதல் சார்ந்தவற்றை, விரிவாக்கியது. தானியங்கித் தாக்குதல்களை முன்கூட்டியே பிடிக்கும் முறைகளின் முன்மாதிரிகளிலும் இறங்கியது.

எதை மாற்ற வேண்டும்

இனி வருபவை எங்கள் பரிந்துரைகள்.

மாதிரி வழங்குபவருக்கு: ஒற்றைச் செய்தியை எடைபோடுவதை வைத்து இதைத் தடுக்க முடியாது. அமர்வு முழுவதையும், பின் கணக்கு முழுவதையும், பின் ஒரே பாணியில் நடக்கும் பல கணக்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி, 'இந்தக் கோரிக்கை ஆபத்தானதா' என்பதைவிட, 'இந்தக் கணக்கு இந்த வாரம் தொடர்பில்லாத எத்தனை அமைப்புகளின் முகவரிகளைத் தொட்டது' என்பதுதான். உண்மையான சோதனையாளர் ஒரு வாரத்தில் ஒன்றிரண்டு வாடிக்கையாளரைத் தொடுவார், முப்பதை அல்ல.

அனுமதிக் கடிதத்துக்கு ஈடான ஒன்றும் வேண்டும். இணையதளச் சான்றிதழ் வாங்கும்போது, டொமைன் உங்களுடையதுதான் என்று காட்ட டி.என்.எஸ். (இணையப் பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் ஏற்பாடு) பதிவில் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். அதையே இங்கேயும் கேட்கலாம்: நுழைவு முயற்சி அளவுக்குப் போகும் வேலை என்றால், இலக்கின் உரிமையாளர் அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டும். சோதனையாளர் வெளியாள் என்றாலும் வாடிக்கையாளரால் அதை ஐந்து நிமிடத்தில் செய்துதர முடியும். டொமைன் பெயரில்லாத உள் நெட்வொர்க்குகளுக்கு இது உதவாது. கெடுபிடி மிஞ்சினால் நல்ல சோதனையாளர்களும் கண்காணிப்பே இல்லாத, தன் கணினியிலேயே ஓட்டக்கூடிய திறந்த மாதிரிகளுக்குப் போய்விடுவார்கள். தாக்குபவர்களும் அங்கே போகலாம் என்பதால், வழங்குபவரின் கண்ணை மட்டும் நம்பிக் காப்பவர் உட்கார்ந்திருக்க முடியாது.

காப்பவருக்கு முதல் வேலை பொறிக் கணக்குகள். யாருமே பயன்படுத்தாத ஒரு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உருவாக்கி, திருடன் தேடும் இடங்களில் போட்டுவைப்பது. நிரல் களஞ்சியத்தின் அமைப்புக் கோப்பில் ஒன்று, டேட்டாபேஸின் அமைப்பு அட்டவணையில் ஒன்று, பகிர்வு ஆவணங்களில் ஒன்று என்று மூன்று வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். எது தட்டப்பட்டது என்பதை வைத்தே எங்கே நுழைந்தார்கள் என்று தெரிந்துவிடும். மனிதத் தாக்குபவர் சந்தேகப்பட்டு ஒதுங்கலாம். கிடைத்த ஒவ்வொரு சாவியையும் ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்க்கும் இயந்திரம் பெரும்பாலும் ஒதுங்காது.

இது கெட்டுப்போகும் வழிகள் தெரிந்தவைதான். 'டெஸ்ட்', 'டெமோ' என்று பெயர் வைத்தால் மதிப்பற்றது என்று தள்ளிவிடும். அமைப்பில் உள்ள மற்றக் கணக்குகளின் பெயர் பாணியையே பின்பற்ற வேண்டும். எந்த உரிமையும் கொடுக்கக் கூடாது, இல்லையென்றால் பொறியே கதவாகிவிடும். எச்சரிக்கை மின்னஞ்சலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் பார்ப்பார்கள். இரவிலும் ஒருவரின் தொலைபேசி அடிக்க வேண்டும். ஆண்டுத் தணிக்கையில் 'பயன்படாத கணக்கு' என்று யாராவது நீக்கிவிடுவதுதான் மிக அடிக்கடி நடப்பது. பாதுகாப்புக் குழுவில் இரண்டு பேர் மட்டும் அறிந்த பட்டியலில் எழுதிவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாங்களே தட்டிப் பார்த்து, மணி அடிக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, பரவலை எண்ணுவது. வேகத்தை மட்டும் அளந்தால் தாக்குபவர் மெதுவாக ஓட்டித் தப்பிப்பார். ஒரு கணக்கு ஒரு நாளில் எத்தனை வெவ்வேறு சர்வர்களில் நுழைய முயன்றது என்று எண்ணினால் அந்த வழி அடைபடும். பேக்அப் வேலைக்கான கணக்கு வழக்கமாக நாலு சர்வர்களைத் தொடும் என்றால், ஐந்தாவதைத் தொட்டதுமே கேள்வி எழ வேண்டும். இரண்டு வாரப் பழைய லாகை எடுத்து ஒவ்வொரு சேவைக் கணக்குக்கும் வழக்கமான எண்ணைக் கண்டு, அதிலிருந்து வரம்பு வைக்கலாம். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகளை அந்த இரண்டு வாரம் பிடிக்காது. அவற்றை முதலிலேயே கையால் சேர்க்காவிட்டால், முதல் மாதமே பொய்யெச்சரிக்கைகள் குவிந்து யாராவது விதியை அணைத்துவிடுவார்கள். அணைத்தவர் யார் என்றே பிறகு தெரியாது.

மூன்றாவது பழைய பாடம். ஒரே கடவுச்சொல் பல உள் அமைப்புகளைத் திறக்காமலிருப்பது, நிர்வாகி நுழைவுக்கு இரண்டாம் சரிபார்ப்பு, வெளியே தெரியத் தேவையில்லாத சேவைகளை மூடுவது. தாக்குபவர் கொண்டுவந்தது பொதுச் சரக்கு என்பதால் இந்தப் பொது வைத்தியம் இன்னும் பலிக்கும். மாறியது காலக்கணக்கு. ஒரு ஓட்டை வெளியில் தெரிந்த பிறகு அதை அடைக்க முப்பது நாள் அவகாசம் வைத்திருக்கும் அமைப்புகள், தாக்குபவருக்கு ஆள் பற்றாக்குறை இருந்த காலத்தில் அந்தக் கெடுவை எழுதின. வெளியுலகைப் பார்த்திருக்கும் சர்வர்களுக்கு மட்டுமாவது அதை நாள் கணக்கில் கொண்டுவர வேண்டும். அதற்கு முதலில் அந்த சர்வர்களின் முழுப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். பல இடங்களில் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது.